மறையாத கை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"சின்ன வயசுல உங்களுக்குப் பிடிச்ச வீரர் யாருங்கய்யா?" என்று இப்பள்ளி மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். பெரிய தலைவர் ஒருவரின் பெயரை அவர் எதிர்பார்த்திருக்கலாம். என் வீரரோ ஒரு படக்கதை நாயகர். அவர்தான் இரும்புக்கை மாயாவி!

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 1962-ஆம் ஆண்டு 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் தோன்றினார். ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ அவருக்கு உருவம் தந்தார். 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அவரைத் தமிழ் பேச வைத்தது. கைக்குக் கை மாறி, அட்டை கிழிந்து, எங்கள் லயத்துக்கும் வந்து சேர்ந்தார்.

லூயிஸ் கிராண்டேல் என்பவர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். ஒருநாள் அவர் உடலில் மின்சாரம் பாய்ந்தது. ஆள் மாயமாய் மறைந்தார். ஆனால், அந்த இரும்புக்கை மட்டும் மறையவில்லை!

மாணவர்களே, முதலில் அவர் அந்தச் சக்தியைத் தீய வழியில்தான் செலவிட்டார். பிறகு திருந்தி, மக்களைக் காக்கும் பணிக்கு வந்தார். ஆகவே, ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. அது போகும் வழியும் நல்லதாக இருக்க வேண்டும். மின்சாரம் தீர்ந்தால் மாயசக்தியும் தீர்ந்துவிடும். மீண்டும் ஏற்ற வேண்டும். கல்வியும் அப்படித்தான். இன்று பரிசு வாங்கியாச்சு என்று நாளை புத்தகத்தை மூடிவிடலாமா?

எல்லாவற்றிலும் பெரிய பாடம் அந்த மறையாத கை. நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டின் தொடக்ககால வணிக ரப்பர் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் பரவிய தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவை யார் கைகள்? பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். பட்டை மேடுபள்ளமாக வளரும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அந்த அளவு தவறாமல் வெட்டியது கைத்திறன் அல்லவா? பெயர்கள் ஏட்டில் இல்லை. முகங்களை நாடு மறந்துவிட்டது. அந்தக் கைகளின் வேலை மட்டும் இந்த மண்ணில் தெரிகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களிலும் உழைத்தவை அதே கைகள்தாம்.

ஆனால் இன்று சில பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்குப் போனதும், "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் தலைகுனிகிறார்கள். "அப்பா கையில பால் நாத்தம் அடிக்குது" என்று விலகி நிற்கிறார்கள். செல்வங்களே, உங்கள் சீருடைக்கும் புத்தகத்துக்கும் காசு கொடுத்தது அந்தக் கைதான். மாயாவி தம் கையை மறைக்க முடியவில்லை. நீங்கள் மறைக்கவே கூடாது.

பெற்றோர்களே, பிள்ளை படக்கதை படித்தால் உடனே பிடுங்காதீர்கள். "என்னடா கதை, எனக்கும் சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் படமும் ஒரு படிக்கட்டே.

மாணவர்களே, பரிசை வாங்கியதும் நேரே அப்பா அம்மாவிடம் போய் அதை அவர்கள் கையில் கொடுங்கள். அந்தக் கையைத் தொட்டு வணங்குங்கள்.