நடுவில் நிற்பவர் யார்?

(எடப்புளி நாட்டில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் என்று வந்துவிட்டால் நமக்கு யோசனை சொல்ல வருவோர் பலர். “உங்கள் அபேட்சகர் நல்லவர்தான், ஆனால் கட்சி சேராதவர்களின் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. ஆகவே கூலி, நிலம், காட்டுரிமை என்ற பேச்சைக் குறைத்து, நடுவில் வந்து நில்லுங்கள்” என்கிறார்கள். இதை நாம் கோபத்தோடு தள்ளிவிட வேண்டியதில்லை. ஆராய்ந்து பார்ப்போம்.

கட்சி சேராதவர் யார்? மிளகும் குச்சிக்கிழங்கும் விளைவித்து, விலையை மட்டும் வியாபாரியின் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளும் விவசாயி. அடிவாரத்துச் சேகோ ஆலையில் கூலிக்கு நிற்கும் அவர் மகன். பட்டாவுக்காக ஆபீஸ் வாசலில் காத்திருக்கும் தாய். இவர்கள் கட்சி சேராதவர்கள்தான். ஆனால் நடுவில் நிற்பவர்களா? இல்லை! விலையிலும் கூலியிலும் இவர்கள் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறார்கள். நாம் நடுவுக்கு நகர்ந்தால் இவர்களை நெருங்கவில்லை, கைவிடுகிறோம்.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் அந்த மலையடிவார ஊரில் புகுந்தது. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. அந்த ஜனங்கள் கடத்தல்காரர்கள் என்றுதான் அன்று அதிகாரிகள் சொன்னார்கள். நடுவில் நிற்க ஆசைப்பட்டவன் அன்று வாயை மூடிக்கொண்டிருப்பான். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வாயை மூடவில்லை. தோழர் ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுவரை போனார். 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023ல் ஹைகோர்ட்டும் தீர்ப்பை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்தத் தாய்மார்கள் ஒரு பக்கமாக நின்றதால்தான் நியாயம் கிடைத்தது.

அப்படியானால் மற்றவர்களோடு சேரவே கூடாதா? அதுவும் தவறு. கேரளத்தில் 1957ல் 126 இடங்களில் 60 இடம் கம்யூனிஸ்ட் கட்சிக்கு. கட்சி ஆதரவு பெற்ற 5 சுயேச்சைகளும் சேர்ந்துதான் மந்திரிசபை அமைந்தது. அவர்களில் ஒருவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், அவரே சட்ட மந்திரியானார். அவரைப் பெறுவதற்காகக் கட்சி நிலச் சீர்திருத்தத்தைக் கைவிட்டதா? இல்லை. பதவியேற்ற ஒரு வாரத்திற்குள், குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை வந்தது.

1959ல் அந்த மந்திரிசபையை மத்திய சர்க்கார் கலைத்தது. 1960 தேர்தலில் எதிரிகள் ஒன்றுசேர்ந்தார்கள். கட்சிக்குக் கிடைத்தது 29 இடம்தான். ஆனால் ஓட்டோ நூற்றுக்கு 35லிருந்து 39 ஆயிற்று! இதில் இரண்டு பாடம் இருக்கிறது. கொள்கையில் உறுதியாக நின்றால் ஜனங்கள் நம்மைவிட்டு ஓடுவதில்லை. தனித்து நின்றால் ஓட்டுக் கூடினாலும் இடம் குறையலாம். ஆகவே கூட்டு வேண்டும். அது பகிரங்கமாக, குறைந்தபட்சத் திட்டத்தோடு இருக்கவேண்டும்.

நம் குறையையும் மறைக்க வேண்டாம். கட்சி சேராதவர் நம்மிடம் வராததற்குக் காரணம் நம் கொள்கை கடுமையாக இருப்பதல்ல. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் அவர் வாசலுக்குப் போகிறோமே, அதுதான். அவர் பாஷையில் பேசவும், அவர் சொல்வதைக் கேட்கவும் நாம் கற்கவேண்டும். பேச்சை மாற்றலாம், கோரிக்கையை மாற்றக்கூடாது.

காரவள்ளியிலிருந்து வரும் பஸ் 70 கொண்டை ஊசி வளைவு திரும்புகிறது. இடதும் வலதுமாக வளைந்தாலும் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. நம் அபேட்சகரும் அப்படித்தான் போகவேண்டும். பாதி மலையில் நின்றுகொண்டு, “இதுவே நடு, இது போதும்” என்பவரை நம்பி நாம் பஸ் ஏறவில்லை, தோழர்களே!