நாம் கொடுப்பது அச்சாரம்

(நெடுஞ்சாலையோரச் சைக்கிள் பாதைக்கான நிதி திரட்டும் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடை ஏறும்போதே ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்ப்பா, வீட்டு வரி கட்டுறோம், தண்ணி வரி கட்டுறோம். வண்டி வச்சிருக்கிறவன் ரோடு வரியும் கட்டுறான். அப்புறம் சைக்கிள் பாதைக்கு நாங்க ஏன் உண்டியல் குலுக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மைக்கை விட மாட்டேன்.

முதலில் சாலையைப் பார்ப்போம். நம் ஊரை இரண்டாக அறுத்துக்கொண்டு போகிற இந்த நெடுஞ்சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுப்பதில்லை. அதன் தலையிலேயே இன்னோர் அடுக்கு. சாலை ஏறிக்கொண்டே போகிறது. ஓரத்து மண் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பள்ளிக்கூட வளைவில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இன்றைக்கு ஒரு சாண் இறக்கம். பின்னால் வருகிற பஸ் ஏர் ஹாரனை அலற விடுகிறது. கேரியரில் புத்தகப் பை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுக் கூடையோடு போகிற பெண்பிள்ளை பதறி இடப்பக்கம் ஒதுங்குகிறாள். முன்சக்கரம் விளிம்பிலிருந்து இறங்கிவிடுகிறது. திரும்ப ஏற்றப் பார்த்தால் டயர் தாரின் ஓரத்தில் உராய்ந்து வழுக்குகிறது. சைக்கிள் வலப்பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் என்ன இருக்கிறது? பஸ்ஸின் பின்சக்கரம் இருக்கிறது.

அந்தச் சைக்கிளை அவளுக்குக் கொடுத்தது யார்? அரசு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஆட்சி மாறினாலும் மாறாமல், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுத்து வருகிறது தமிழ்நாடு. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சைக்கிளைக் கொடுத்த கை, அதை ஓட்ட ஒரு பாதையைக் கொடுக்கவில்லையே! 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசே கணக்குச் சொல்கிறது. அவர்களில் 4,800 பேருக்கு மேல் சைக்கிளில் போனவர்கள். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இந்த முதலிடத்துக்குப் பேனர் வைக்க யாரும் முன்வரவில்லை.

"இந்தக் காலத்தில் யார் சார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?" என்று கேட்கிற கனவான்களும் உண்டு. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்குத் தெரியாதுதான். விடியற்காலையில் பூக்கூடையோடு போகிறவரும், தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டுப் போகிற கொத்தனாரும், இரவு முழுக்கக் கண்விழித்துத் திரும்புகிற வாட்ச்மேனும் எதில் போகிறார்கள்? இவர்களுக்குச் சங்கமும் இல்லை, மந்திரி வீட்டு வாசலில் நிற்க நேரமும் இல்லை. ஆகவே எந்த வரைபடத்திலும் இவர்கள் இல்லை.

விதிப் புத்தகத்தில் இல்லையா என்றால், இருக்கிறார்கள்! இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. பயப்படாதீர்கள், கட்சி இல்லை. சாலைக்கு இலக்கணம் எழுதுகிற பொறியாளர்களின் சபை. அது 1962-லேயே சைக்கிள் பாதைக்கு இலக்கணம் எழுதிவிட்டது. மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப் பாதை போடலாம், அதன் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றது. நாளைக் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வளைவில் நின்று எண்ணிப் பாருங்கள். இலக்கணம் எழுதி அறுபது ஆண்டு தாண்டிவிட்டது. நமக்கு வந்து சேர்ந்தது என்ன? எங்கோ ஓரிரு ஊரில் ஒரு வெள்ளைக் கோடு. கோடு லாரியை நிறுத்துமா? முதல் மாதம் அதன் மேல் இளநீர் வண்டி நிற்கும். அடுத்த மாதம் பஞ்சர் கடை. மூன்றாம் மாதம் கோடும் இருக்காது. நாம் கேட்பது பெயிண்ட் இல்லை, ஐயா. சக்கரம் ஏற முடியாத தடுப்போடு ஒரு தனிப் பாதை.

பணம் இல்லை என்பார்கள். 2023-இல் ஐதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டு, வெயில் படாமல் மேலே சூரிய மின்தகடுகளால் கூரையும் வேய்ந்தார்கள். அங்கே கூரை போட முடிகிறது என்றால் இங்கே தரை போட முடியாதா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2016-இல் உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் பாதையைத் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் அது உடைந்தும் ஆக்கிரமிப்பில் சிக்கியும் போனது. மேலிருந்து இறங்கிய பாதைக்குக் கீழே காவல் இல்லை.

அப்படியானால் ஊரே வசூல் பண்ணி, ஊரே போட்டுக்கொள்ளலாமா? அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1890-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சாலைகள் சேறும் பள்ளமுமாகக் கிடந்தன. லாக்போர்ட், ராச்செஸ்டர் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் சந்தா திரட்டி, நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி இறுக்கி, சாலையோரமாகத் தனிப் பாதை போட்டார்கள். பணம் கொடுத்தவன் கொஞ்சம், ஓட்டியவன் நிறைய என்று ஆனது. 1899-இல் மாநிலமே சட்டம் போட்டது: பாதையில் போகிற சைக்கிளில் காசு கொடுத்து வாங்கிய வில்லை இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். மைல் கணக்கில் பாதை நீண்டது. பிறகு மோட்டார் வந்தது. சைக்கிள் மோகம் தணிந்தது. வில்லை விற்பனை படுத்தது. பராமரிக்கக் காசில்லை. சாலையை அகலப்படுத்தியபோது அந்தப் பாதைகளைச் சாலையே விழுங்கிவிட்டது. ஏன்? அது சைக்கிள்காரர் செலவாகவே இருந்தது. சாலையின் செலவாக ஆகவே இல்லை.

பெரியவரே, உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நாம் இன்று திரட்டுவது தானம் இல்லை, அச்சாரம். அச்சாரம் வாங்கியவன் சரக்கைக் கொடுத்தே தீர வேண்டும். 1997-இல் வந்த 'நமக்கு நாமே' திட்டம் 2021-க்குப் பின் மறுபடி நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஊர் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் மீதியை அரசு போடும். அந்தத் திட்டத்தில் கேட்போம். அதில் இடமில்லை என்று சொன்னால், எந்தத் தலைப்பில் இடம் இருக்கிறது என்று எழுதித் தாருங்கள் என்போம். கையில் பணமில்லாமல் போனால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். பணத்தோடும், கிராம சபைத் தீர்மானத்தோடும் போனால் கோப்பு நகர்ந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் மூன்று நிபந்தனை. ஒன்று, நெடுஞ்சாலைத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சட்டி மண்கூட வெட்டக் கூடாது. இரண்டு, பாதை முடிந்த நாளிலிருந்து அது அந்தத் துறையின் பதிவேட்டில் ஏற வேண்டும்; பராமரிப்பு அவர்கள் தலையில். அடுத்த ஆண்டு மறுபடி உண்டியலைத் தூக்கிக்கொண்டு நான் உங்கள் வாசலுக்கு வர மாட்டேன், வரவும் கூடாது. மூன்று, எவ்வளவு கொடுத்தாலும் கல்வெட்டில் பெயர் கிடையாது. லட்சம் கொடுத்து வளைவு வைக்க நினைக்கிறவர் அந்த லட்சத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். பூக்காரம்மா தருகிற பத்து ரூபாய்க்கும் அதே ரசீதுதான்.

கணக்கு கூட்டுக் கையெழுத்தில் வங்கியில் இருக்கும். வரவு வாராவாரம் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ரசீது இல்லாமல் என்னிடம்கூட ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அடுத்த கிராம சபையில் கையெழுத்துப் போடத் தவறாமல் வாருங்கள். தீர்மானம் நிறைவேறியதும் வருகிற திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். அங்கே மனுவையும் வங்கிக் கணக்கையும் சேர்த்தே வைக்கப் போகிறோம். பஸ்ஸில் வர வேண்டாம், சைக்கிளில் வாருங்கள். எத்தனை பேர் ஓட்டுகிறோம் என்பதை அவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.