கிட்னி மாற்றியவர் வீட்டில் அக்கி வந்தால்

(வாலிநோக்கத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழு பேசியது)



வரவு செலவு வாசித்த கையோடு நோயைப் பற்றிப் பேச வந்துட்டாங்களேன்னு யாரும் எழுந்திருக்க வேண்டாம். இப்போ வாசித்த உள்கடன் பட்டியலில் மருத்துவச் செலவு என்று ஒரு கடன் இருந்ததே, அந்தக் கடன் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறோம். அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

உப்பளத்தில் வேலை பார்க்கிற நம்ம அக்கா ஒருத்தர். பெயர் வேண்டாம். அவங்களும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க. "நீங்களே சொல்லுங்க, எனக்குப் பேச வராது"ன்னு சொன்னதும் அவங்கதான். வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு அலைந்து, கடைசியில் அந்த அக்காவே தன்னுடைய ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிந்தது. இரண்டு வருஷம் போனது. அவரும் வலை பின்ன, மீன் ஏலத்துக்குப் போக என்று நடமாட ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் அவருக்கு இடது விலாவில் எரிச்சல். நெருப்பை வைத்த மாதிரி இருக்குன்னாராம். வெயில் சூடு என்று நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்த இடத்திலேயே முதுகிலிருந்து வயிறு வரைக்கும் பட்டையாகச் சிவந்து, முத்து முத்தாகக் கொப்புளம். குழுக் கூட்டத்துக்கு வந்த அக்கா எங்களிடம் சொன்னபோது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அக்கிதானே, வேளார்கிட்ட கூட்டிப் போய் எழுதுங்க, மூணு சாயங்காலத்தில் அடங்கிடும்." நாங்களேதான் சொன்னோம்.

மூன்று சாயங்காலம் காவி எழுதினார்கள். வலி தாங்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார்கள். மாமியார், அம்மை மாதிரி வந்திருக்கு, இந்த நேரத்தில் இங்கிலீஷ் மருந்து ஆகாதுன்னு சொல்ல, கிட்னிக்குச் சாப்பிடுகிற மாத்திரையையும் இரண்டு நாள் நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல். கொப்புளம் விலாவில் நிற்காமல் முகம், கை, கால் எல்லாம் பரவிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்து மதுரைக்குப் போனார்கள். பத்து நாளைக்கு மேல் குளுக்கோஸ் பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். உயிர் தப்பியது, அக்கா கொடுத்த சிறுநீரகமும் தப்பியது. ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியது ஏறியதுதான், பழைய அளவுக்கு இறங்கவில்லை. விலாவில் சட்டை உரசினாலே துடிக்கிற வலி மாசக்கணக்கில் இருந்தது.

வேளாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்ததை நல்ல மனசோடு செய்தார். கிட்னி மாற்றியவர் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது எங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

அக்கி எங்கிருந்து வருகிறது?

சூட்டினால் வருது, சிலந்தி கடித்து வருதுன்னு நாம சொல்கிறோம். அப்படி இல்லை. சின்ன வயசில் நமக்கு வந்த அம்மை இருக்கிறதே, நீர்க்கொப்புளம் போடுகிற அம்மை, அதே கிருமிதான் அக்கியும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கிருமி போய்விட்டது என்று நினைக்கிறோம். போவதில்லை. முதுகெலும்பு ஓரத்தில் நரம்பு வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இருபது, முப்பது, ஐம்பது வருஷம் கூடப் படுத்திருக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தி எப்போது தளருகிறதோ அப்போது எழுந்து, அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருகிறது. நரம்பு வழியே வருவதால்தான் அந்த எரிச்சல். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாடியே வலி வந்துவிடும். நெஞ்சில் வந்தால் மாரடைப்போ என்றும், இடுப்பில் வந்தால் கல்லடைப்போ என்றும் பயந்து ஓடியவர்கள் உண்டு.

வயசானவர்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வருவது சகஜம். சிறுநீரகம், ஈரல், இருதயம் மாற்றியவர்களுக்கு அதைவிட அதிகம். மாற்று செய்த நாலு வருஷத்துக்குள் நூறு பேரில் 8 முதல் 11 பேர் வரைக்கும் அக்கி வருவதாக மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏன் அவர்களுக்கு?

வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் நாய் குரைக்கும், கடிக்கக்கூட வரும். அதனால் நாயைக் கட்டிப் போடுகிறோம். அடுத்தவர் சிறுநீரகம் உடம்புக்குள் வந்ததும் உடம்பின் காவலும் அப்படித்தான் பாயும். அதைக் கட்டிப் போடத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் என்று தினமும் நேரம் தவறாமல் மாத்திரை. உயிர் உள்ளவரை சாப்பிட வேண்டும். ஆனால் கட்டிப் போட்ட நாயால் திருடன் வந்தாலும் ஓடிப் போய்ப் பிடிக்க முடியாது. நரம்பில் படுத்திருக்கிற கிருமிக்கு அதுதான் வசதி. மற்றவர்களுக்கு ஒரு பட்டையோடு நிற்கிற அக்கி இவர்களுக்கு உடம்பெல்லாம் பரவலாம், நுரையீரலுக்கும் மூளைக்கும்கூடப் போகலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் பார்வைக்கே ஆபத்து.

அப்படியென்றால் மாத்திரையைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஒருபோதும் நாமாகக் குறைக்கக் கூடாது. கயிறு அவிழ்ந்தால் நாய் முதலில் மருமகளைத்தான் கடிக்கும். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பதை மாற்று சிகிச்சை மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டுங்கள், விரதம் இருங்கள், தாளிக்காமல் சமையுங்கள், அது உங்கள் வழக்கம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

காவி எழுதினால் என்ன தப்பு?

நம்ம பக்கம் காவியைக் குழைத்து எழுதுவது ரொம்பக் காலமாக இருக்கிறது. சில ஊர்களில் சிங்க உருவம்கூட வரைவார்கள். மேலே பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், மறுப்பதற்கில்லை. சாதாரண உடம்புக்காரருக்கு அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கிவிடும். காவி எழுதியதால் அடங்கியது என்று நாம் நம்பியதும் அதனால்தான். கிருமி இருப்பது நரம்புக்குள்ளே, அங்கே காவி போகாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் வேறு கிருமியும் சேரும். போதாததற்குக் காவியை மேலே பூசிவிட்டால் டாக்டர் பார்த்து அடையாளம் சொல்வதும் கஷ்டம்.

அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த மூன்று சாயங்காலம். அக்கிக்கு அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். நாம் எழுதிக் காத்திருந்தது சரியாக அந்த 72 மணி நேரம்தான்! மூன்று நாள் தாண்டிவிட்டாலும் மாற்று சிகிச்சை செய்தவர் போயே ஆக வேண்டும், அவர்களுக்குத் தாமதமானாலும் மருந்து கொடுப்பார்கள்.

அந்த மருந்துப் பெயரை இப்போ நாங்கள் சொல்லிவிட்டோம் என்று கடையில் போய்க் கேட்டு வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அளவு போடுவார்கள். அளவு மிஞ்சினால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடையில் கொடுக்கிற டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும் கெடுக்கும். நாட்டு மருந்து, கஷாயமும் கேட்காமல் வேண்டாம். டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றியோ இறக்கியோ விடுகிற பொருள்கள் நிறைய உண்டு. பம்பளிமாஸ் பழம்கூட ஆகாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரிலிருந்து மதுரை தூரம்தான். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். "இவர் கிட்னி மாற்றியவர்" என்பதுதான் வாயிலிருந்து வரும் முதல் சொல்லாக இருக்க வேண்டும். மாற்று செய்த மருத்துவமனை ஃபைலும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். அந்த மருத்துவமனைக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த நம்பர் வீட்டுக்காரர் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது, சுவரில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால், சின்ன வயசில் அம்மையே வராத மாற்று சிகிச்சைக்காரர் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே செய்கிற சிகிச்சை இருக்கிறது. அக்கி வந்தவரின் கொப்புள நீர் பட்டாலும் அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம். துணி போட்டு மூடி வைக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் போகக் கூடாது.

ஊசி இருக்கிறதா என்று கேட்பீர்கள். அம்மைத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் செய்தது. அதை மாற்று செய்வதற்கு முன்னாலேயே போட வேண்டும், பின்னால் கூடாது. அக்கிக்கு என்று உயிர்க்கிருமி இல்லாத ஊசி 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு தவணை. மாற்று செய்தவர்களுக்கும் மருத்துவர் சொல்லும் நேரத்தில் போடலாம். ஆனால் இரண்டும் சேர்த்துப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது, அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்றே செய்கிறார்கள், மதுரை ராஜாஜி மருத்துவமனையிலேயே நடக்கிறது. அத்தனை செலவு செய்து காப்பாற்றிய உயிருக்கு இந்த ஊசியையும் சேர்த்தால் என்ன என்று கேட்டு மனு எழுதலாம் என்பது எங்கள் எண்ணம். கை தூக்குபவர்கள் தூக்குங்கள்.

பேசி முடித்ததும் ஒரு லாத்தா எழுந்து கேட்டார்: "சிறுநீரகம் வாங்கினவரைப் பற்றியே சொல்றீங்களே, கொடுத்தவளுக்கும் இந்த அக்கி வருமா?"

நல்ல கேள்வி. கொடுத்தவர் அந்த மாத்திரைகளைச் சாப்பிடுவதில்லை. அதனால் நம் எல்லோருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான். ஆனால் இருக்கிறது ஒன்றே ஒன்று, அதனால் வலி மாத்திரை அவருக்கும் ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1995 முதல் 2021 வரை உறுப்பு மாற்று பெற்றவர்களில் ஐந்தில் நாலு பேர் ஆண்கள். உயிரோடு இருந்து கொடுத்தவர்களில் அதிகம் பேர் பெண்கள். கடைசியா எப்போ உங்களுக்குப் பரிசோதனை செய்தாங்கன்னு உப்பளத்து அக்காவைக் கேட்டோம். சிரித்தார். ஆபரேஷன் தையல் பிரித்ததுதானாம்.

அடுத்த மாதம் வீட்டுக்காரரோடு மதுரைக்குப் போகும்போது அவர் பெயருக்கும் ஒரு சீட்டுப் போட வேண்டும், பஸ் செலவு குழு கொடுக்கும் என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம்.