ஊசிக்கு முன்னால் விரலைப் பாருங்கள்



கழுத்து நரம்பு வலிக்குச் சீன ஊசி மருத்துவம் என்ற பொருளைப் பேச வேலூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். இங்கிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஆம்பூர். அங்கே ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் குனிந்த தலை நிமிராமல் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறார்கள். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது, மடித்து ஒட்டுவது, தைப்பது எல்லாமே கண்ணை எடுக்க முடியாத வேலைகள். ஐந்து கிலோ எடையுள்ள தலையைக் குனிந்தபடியே தாங்கிப் பிடிப்பது கழுத்துத் தசைகள்.

அவர்கள் நம்மிடம் வந்து சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “கழுத்துல நரம்பு இழுக்குதுங்க, கை மரமரன்னு இருக்குது.” கையில் ஓர் எக்ஸ்ரே, அதில் ‘எலும்பு தேய்மானம்’ என்று எழுதியிருக்கும். ஐம்பதைத் தாண்டியவர்களை எக்ஸ்ரே எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் அந்தத் தேய்மானம் தெரியும். அதை வைத்து ஊசி குத்தப் புறப்படுவது எனக்கு உடன்பாடில்லை.

எந்த விரல் மரத்திருக்கிறது என்று கேளுங்கள். கட்டைவிரல் என்றால் கழுத்தின் ஆறாம் நரம்புவேர், நடுவிரல் என்றால் ஏழு, சுண்டுவிரல் என்றால் எட்டு என்பது பொதுக்கணக்கு. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது சோர்வினால் அல்ல. அப்படி வைத்தால் நரம்புவேரின் இறுக்கம் தளர்ந்து வலி குறைகிறது. இரவில் கை மரத்து, உதறினால் சரியாகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில் இருக்கும். சுண்டுவிரல் மரத்துச் சதை வற்றியிருந்தால், கழுத்தைத் தொடுமுன் முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 1955 முதல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நடந்துவரும் மாவட்டம் இது. அந்த நோயை நாம் மறந்துவிட்டோம் என்பதால் அது நம்மை மறந்துவிடவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு காலைவிட்டு நழுவுவதே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அழுந்துவது தண்டுவடம். அவருக்கு ஊசி வேண்டாம். அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இனி நமக்குக் கசப்பான ஒரு செய்தி. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்புவேர் நோய் கண்ட 561 பேரைப் பற்றிய ஆய்வு 1994-இல் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் கே. ராதாகிருஷ்ணன், பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். கால்வாசிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்குத் தொந்தரவு இல்லை, அல்லது சொற்பம்தான். தானாக ஆறக்கூடிய நோய்க்கு யார் வைத்தியம் பார்த்தாலும் பேர் கிடைக்கும். ஊசிக்காரருக்கும் கிடைக்கும், தைலக்காரருக்கும் கிடைக்கும், கழுத்துப் பட்டை விற்பவருக்கும் கிடைக்கும்.

அதற்காக ஊசியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 1938-இல் இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் சீனா சென்ற மருத்துவர் பி.கே. பாசு, பிறகு அங்கே மீண்டும் போய்க் கற்று 1959-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த கலை இது. குறைந்த அதிர்வெண்ணில் மின்னூட்டிய ஊசி உடலின் சொந்த வலிநீக்கிகளைச் சுரக்க வைக்கிறது என்று பெய்ஜிங்கின் ஹான் ஜிஷெங் காட்டினார். நாட்பட்ட வலி பற்றிய 39 பரிசோதனைகளின் 20,827 நோயாளிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த 2018 அறிக்கை, போலி ஊசியைவிட உண்மை ஊசி மேல் என்றது; ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியது. 2015-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 517 பேர். ஊசி பெற்றவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் அது காரணம் இன்னதென்று சொல்ல முடியாத கழுத்து வலி. நரம்புவேர் அழுந்திக் கை மரத்தவர்களைப் பற்றி அந்த முடிவை அப்படியே எடுத்துப் பேசுவது நியாயமில்லை. ஊசி வலியைத் தணிக்கலாம். பிதுங்கிய கழுத்தெலும்பு வட்டை (டிஸ்க்) உள்ளே தள்ளிவிடும் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

தோள்மேட்டில் உள்ள ஜியான்ஜிங் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. மெலிந்த உடம்பில் ஊசி நேராக ஆழம் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும். நம் தையல் பெண்களில் எத்தனை பேர் மெலிந்தவர்கள் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் பரவியிருக்கும் விரலால் தொடும் அக்குபங்சரில் இந்த ஆபத்து இல்லை. அங்கே ஆபத்து வேறு: கை சக்தி இழந்துகொண்டிருக்கும்போது மாதங்கள் வீணாய்ப் போவது.

வாரம் இரண்டு முறை ஊசி போட்டுவிட்டு அதே பெஞ்சுக்கு, அதே உயரத்து மிஷினுக்கு, அதே ஓவர்டைமுக்குத் திருப்பி அனுப்புகிறோமே, அது என்ன சிகிச்சை? மேஜையைச் சற்று உயர்த்துவதும் இடையிடையே தலை நிமிர விடுவதும் மருத்துவச் சீட்டில் எழுதப்பட வேண்டியவை. கம்பெனி டாக்டர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், எழுதுங்கள்.

இன்று கட்டுரை படிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த விரல் மரத்தது, வலி தொடங்கி எத்தனை வாரம் கழித்து முதல் ஊசி, கையின் பலம் முன்னும் பின்னும் எவ்வளவு என்ற மூன்றையும் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லுங்கள். இம்மூன்றையும் உங்களால் சொல்ல முடியாத நோயாளியைக் குணமானவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.