ஆடுகளத்தில் ஒரு பெண்குரல்



2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், தென்கொரியாவிலுள்ள விளையாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் கலையகத்திலே, 17 வயதுடைய பெண்ணொருவர் கணினியின் முன் அமர்ந்தார். கமரா ஒன்று அவருடைய கைகளை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கைகள் அசைவதும் திரையில் ஆட்டம் நிகழ்வதும் ஒருங்கே ஒளிபரப்பாயின. நாடெங்கும் இருந்தவர்கள் பார்த்திருக்க, அவர் நெடுநேரம் ஆடினார். அவர் அங்கே ஆட வந்தது பரிசுக்காகவன்று. தம் கைகள் தம்முடையனவே என்று மெய்ப்பிப்பதற்காக.

அவர் பெயர் கிம் சே-யொன். ஆடுகளத்தில் அவர் சூடிக்கொண்ட பெயர் கெகுரி. தவளை என்பதற்கான கொரியச் சொல் அது. அந்த ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'ஓவர்வாட்ச்' என்னும் வீடியோ விளையாட்டிலே, அப்போது அணிக்கு அறுவராக இரண்டு அணிகள் மோதின. அதில் சார்யா என்னும் பாத்திரத்தை ஏற்பவர், தம் கருவி உமிழும் கதிரை, ஓடியும் தாவியும் தப்ப முயலும் எதிரியின் மீது விலகாமல் நிறுத்துதல் வேண்டும். கிம்மின் குறி விலகவில்லை. அப்பாத்திரத்தை ஏற்று அவர் ஆடிய ஆட்டங்களிலே ஏறக்குறைய 80 வீதமானவை வெற்றியில் முடிந்தன. அவருடைய அணியிடம் தோற்றவர்களோ, இது மனிதக் கை செய்யும் செயலன்று, மறைவாக ஒரு கணினி நிரல் குறியை நகர்த்துகின்றது என்று குற்றஞ்சாட்டினர். குற்றச்சாட்டுப் பொய்யாயின் ஆட்டத்தை விட்டே விலகுவதாக அவர்களுள் இருவர் சூளுரைக்கவும் செய்தனர். ஆட்டத்தைத் தயாரித்த பிளிஸார்ட் நிறுவனத்தின் கொரியக் கிளை, மோசடி எதுவும் இல்லையென உறுதி கூறிற்று. கலையகத்துக் கமராவும் அதனையே காட்டிற்று. சூளுரைத்த இருவரும் விலகினர்.

திறமை மிக்க ஆண்களும் இத்தகைய ஐயத்துக்கு ஆளாவதுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் ஆணொருவன் நன்றாக ஆடும்போது, 'இவன் எவ்வாறு பழகினான்?' என்பதே பெரும்பாலும் முதலில் எழும் வினா. பெண்ணொருத்தி நன்றாக ஆடும்போதோ, 'ஆடுவது இவள்தானா?' என்னும் வினா முந்திக்கொள்கின்றது. இப்பேச்சு அந்த இரண்டாவது வினாவைப் பற்றியது.

வீடியோ விளையாட்டை ஆடுவது ஒரு பொழுதுபோக்கு என்பது எவரும் அறிந்ததே. ஒருவர் ஆடுவதை இலட்சம் பேர் பார்த்திருப்பதும் அதனால் அவர் பிழைப்பு நடத்துவதும் அண்மைக்காலத்துப் புதுமை. 2007ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் இளைஞர் நால்வர் ஓர் இணையத் தளத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் தொப்பியிலே கமராவைப் பொருத்திக்கொண்டு, தம் அன்றாட வாழ்வையே இரவுபகலாக ஒளிபரப்பினார். அதிலே விளையாட்டுகளுக்கென இருந்த பகுதி மற்றவற்றை மிஞ்சி வளர்ந்தது. 2011இல் 'டுவிட்ச்' என்னும் பெயரிலே தனித்தளமாயிற்று. 2014இல் அமேசன் நிறுவனம் ஏறக்குறைய 97 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து அதனை விலைக்கு வாங்கியது. தொப்பியிற் கமரா சூடி நடந்த இளைஞரின் குறும்பு ஏழாண்டுகளிலே இவ்வளவு விலை பெற்றது.

வானொலி நேயர்களுக்கு இந்த நேரலை ஒளிபரப்பை விளக்குதல் எளிது. ஒருவர் பேசப் பலர் கேட்கும் அதே முறைதான். ஒரேயொரு வேறுபாடு உண்டு. வானொலியிற் பேசுபவருக்கு நேயரின் கருத்து, அஞ்சல் வழியாகச் சில நாட்கள் கழித்து, ஓரளவு ஆறிய நிலையில் வந்து சேரும். நேரலையிலோ பார்ப்பவர் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அந்தக் கணமே ஆடுபவரின் திரையோரத்தில் ஓடுகின்றது. அவர் ஆடிக்கொண்டே அதனைப் படித்து, ஆடிக்கொண்டே மறுமொழி கூறுகின்றார். பாராட்டும் அவ்வழியே வரும். வசையும் அவ்வழியே வரும். எழுதுபவருக்கு முகமில்லை, பெரும்பாலும் சொந்தப் பெயருமில்லை. ஆடுபவருக்கு இரண்டும் உண்டு.

அமெரிக்காவிலே வீடியோ விளையாட்டு ஆடுவோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்களே. நாணயமிட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்திலே, 1981இல், உலகெங்கும் பெயர்பெற்ற 'சென்டிபீட்' ஆட்டத்தை உருவாக்கிய இருவருள் டோனா பெய்லி என்னும் பெண்மணியும் ஒருவர். எனவே, பெண்கள் நேற்று வந்த விருந்தினர் அல்லர். ஆனால், குரலைக் காட்டாதவரையில் அவர்கள் இருப்பதே தெரிவதில்லை. குரல் கேட்டவுடன் என்ன நேர்கின்றது என்பதை இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். ஜெப்ரி குஸ்னெகொப், லின்ட்சி ரோஸ் என்னும் அவ்விருவரின் ஆய்வு 2013இல் அச்சேறியது. 'ஹேலோ 3' என்னும் போராட்ட விளையாட்டிலே அவர்கள் மூன்று விதமாகப் புகுந்தனர்: ஒருமுறை ஆண்குரலில், ஒருமுறை பெண்குரலில், ஒருமுறை குரலே இன்றி. குரல்கள் முன்னரே பதிவுசெய்யப்பட்டவை. சொன்னவையும் முகமன், பாராட்டு ஆகிய தீங்கற்ற சொற்களே. ஆண்குரலுக்கும் மௌனத்துக்கும் கிடைத்தவற்றைக் காட்டிலும் மூன்று மடங்கு எதிர்மறைச் சொற்கள் பெண்குரலுக்குக் கிடைத்தன. சொல் ஒன்றே, குரல்தான் வேறு.

குஸ்னெகொப் பின்னர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கசுமோவிக் என்பவரோடு சேர்ந்து அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார். 2015இல் வெளிவந்த அந்த ஆய்வு, வசைபாடியவர் யார் என்பதைக் கவனித்தது. ஆட்டத்தில் நலிந்து பின்தங்கிய ஆண்களே பெண்குரலை மிகுதியாக இகழ்ந்தனர். திறமையிற் சிறந்தவர்கள் அப்பெண்ணிடம் இணக்கமாகவே நடந்துகொண்டனர். ஆண்குரலோடு ஆடியபோது இந்த நலிந்தவர்கள் அடங்கியே இருந்தனர் என்பதும் அதிலே தெரியவந்தது. தாம் இருக்கும் படியிலிருந்து இன்னும் ஒரு படி கீழே தள்ளப்படுவோம் என்ற அச்சமே அந்த இகழ்ச்சியின் வேர் என்று ஆய்வாளர்கள் கருதினர். தோற்றவனின் சினம் தன்னிலும் வல்லவனை நோக்கிப் பாய்வதில்லை. தனக்குக் கீழே இருக்கவேண்டியவள் என்று அவன் எண்ணிய பெண்ணை நோக்கியே பாய்கின்றது. கிம் சே-யொன் மீது குற்றஞ்சாட்டியவர்கள் அவருடைய அணியிடம் தோற்றவர்கள் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

இதனால், பொழுதுபோக்காக ஆடும் பெண்கள் பலர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஊமைகளாகவே ஆடுகின்றனர். சிலர் ஆண்பெயர் சூடிக்கொள்கின்றனர். நேரலையைத் தொழிலாகக் கொண்டவளுக்கோ அந்தப் புகலிடமும் இல்லை. அவளுடைய குரலும் முகமும் சிரிப்பும் சலிப்புமே பார்ப்போரைக் கூட்டுகின்றன. மாதச் சந்தா செலுத்துவோரும் நன்கொடை அனுப்புவோரும் அவற்றுக்காகவே வருகின்றனர். முகத்தை மறைத்தால், கொரியாவில் நேர்ந்தவாறு, 'ஆடுவது இவள்தானா?' என்று கேட்கின்றனர். முகத்தைக் காட்டினாலோ, 'முகத்தைக் காட்டித்தானே பிழைக்கின்றாள்!' என்று ஏசுகின்றனர். ஆண்களுள்ளும் பெரும்பாலோர் முகத்தைக் காட்டியே ஆடுகின்றனர். அவர்களை நோக்கி இந்த வசை எழுவதில்லை. டுவிட்ச் தளத்தில் எழுதப்பட்ட நூறு கோடிக்கு மேற்பட்ட செய்திகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கணினி கொண்டு ஆராய்ந்தபோது, புகழ்பெற்ற ஆண்களின் அரட்டைப் பகுதியிலே ஆட்டத்தைக் குறித்த சொற்களும், பெண்களின் பகுதியிலே உடலைக் குறித்த சொற்களும் மேலோங்கி நின்றமை புலப்பட்டது.

இத்தொழிலிலே உச்சத்தை எட்டிய பெண்களுள் ஒருவர் இமான் அனிஸ். பொக்கிமேன் என்றாலே பலருக்கும் தெரியும். மொறொக்கோவிற் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்றுக்கொண்டிருந்தவர், அதனை இடையில் விட்டுவிட்டு நேரலையையே முழுநேரத் தொழிலாக்கினார். டுவிட்ச் தளத்திலே அவரைப் பின்தொடர்ந்தோர் தொகை 90 இலட்சத்தைத் தாண்டியது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் அவர், ஒருவர் ஒருமுறை தமக்கு அனுப்பக்கூடிய நன்கொடைக்கு 5 டொலர் என்று வரம்பு விதித்தார். பார்ப்போரின் பணத்தைப் பறிப்பவள் என்று பெண்களை ஏசுவோர் இச்செய்தியைப் பெரிதாகப் பரப்பியதாகத் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில், ஆண் நேரலையாளர் ஒருவர் தம் பார்வையாளர் கூட்டத்தை அவருடைய அரட்டைப் பகுதிக்குள் ஏவிவிட்டார். வசை வெள்ளமாய்ப் பாய, பொக்கிமேன் அன்றைய ஒளிபரப்பையே நிறுத்தவேண்டியதாயிற்று. ஏவியவரைத் தளம் முதலிற் சில நாட்களுக்கும் பின்னர் நிரந்தரமாகவும் விலக்கியது. 90 இலட்சம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு நீதி இவ்வாறாவது கிடைத்தது. முப்பது பேர் மட்டுமே பார்க்கும் சிறிய நேரலைப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வாறு கூட்டத்தை ஏவும் வழக்கத்துக்கு ஒரு வரலாறுண்டு. தம் ஒளிபரப்பை முடிப்பவர், தம் பார்வையாளரை மற்றொருவரின் வாயிலுக்கு ஒருங்கே அனுப்பிவைக்கும் வசதியைத் தளமே அளித்திருந்தது. அது விருந்தோம்பலையொத்த நல்வழக்கம். பெயர் தெரியாத புதியவர் ஒருவருக்குத் திடீரெனச் சபை நிறையும். 2021இலே அதனைத் தீயவர்கள் ஆயுதமாக்கினர். மனிதருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான பொய்க் கணக்குகளை அனுப்பி, அரட்டைப் பகுதி முழுவதையும் இழிசொற்களால் நிரப்பினர். அந்த ஆண்டு மே மாதத்திலேதான், தம் இனம், பால், உடற்குறை முதலியவற்றை நேரலையாளர் குறித்துக்கொள்ள 350க்கு மேற்பட்ட அடையாளச் சொற்களைத் தளம் வழங்கியிருந்தது. ஒத்தவர் ஒத்தவரைக் கண்டுகொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். தாக்க வந்தவர்களுக்கோ அச்சொற்களே வீட்டு இலக்கமாய் உதவின. கறுப்பினப் பெண்களும் பாற்சிறுபான்மையினரும் மிகுதியாகத் தாக்குண்டனர். செப்டெம்பர் 1ஆம் திகதி, பல நேரலையாளர்கள் கூடி முடிவுசெய்து, அன்று ஒருநாள் ஒளிபரப்பை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தனர். அந்த மாதத்திலேயே தளம், தாக்குதலுக்குக் காரணமானவர்கள் என்று தான் கருதிய இருவர் மீது கலிபோர்னியாவிலே வழக்குத் தொடர்ந்தது. தொலைபேசி எண்ணை உறுதிசெய்தவர்கள் மட்டுமே அரட்டையில் எழுதலாம் என்று விதிக்கும் வசதியையும் நேரலையாளர்க்கு அளித்தது.

நல்லதே; ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்விதியைப் போடுவதும் தளர்த்துவதும் ஆடுபவளின் பொறுப்பு. இழிசொற்களை அழித்து எழுதியவரை வெளியேற்றும் காவலர்களும், பெரும்பாலும் அவளே தேடி அமர்த்திய, ஊதியமில்லாத அன்பர்கள். மண்டபத்தின் உரிமையாளர் நுழைவுக் கட்டணத்திலே பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, வாயிற்காவலை மட்டும் பாட வந்தவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று கூறுவாராயின், எந்த ஊரிலும் அதனை நியாயமென்று ஏற்கமாட்டார்கள். 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இத்தளமே நடத்திய விழாவில், தம் அன்பர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த பெண் நேரலையாளர் ஒருவரை, தடைகளைத் தாண்டி வந்த ஆடவன் ஒருவன் பற்றிப் பிடித்தான். அது நிகழ விட்டதும் நிகழ்ந்தபின் நடந்துகொண்ட முறையும் தவறென்று தளத்தின் தலைவரே பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. திரைக்குள் ஓடிய சொற்கள் திரையை விட்டு இறங்கி வந்தமைக்கு இது ஒரு சான்று.

பெண்களுக்கெனத் தனிப்போட்டிகள் நடத்தினால் என்ன என்று கேட்போர் உளர். 'வலோரன்ட்' ஆட்டத்துக்கு 2021 முதல் அத்தகைய போட்டித்தொடர் நடைபெற்று வருகின்றது. அதன் முதலாவது உலக இறுதிப்போட்டி 2022இல் பெர்லின் நகரில் நிகழ்ந்தது. ஓட்டப்பந்தயத்தைப் போன்று உடல்வலிமை வேறுபடும் துறையன்று இது. ஆதலால் பிரித்தல் தகாது என்பர் ஒருசாரார். வசையின்றிப் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்பர் மறுசாரார். பழகும் இடமாக இருக்கும் வரையில் தனிப்போட்டி பயனுடையதே. அதற்கப்பால் செல்லும் வாயில் அடைபடுமாயின் அது வேலியாகிவிடும். கனடா நாட்டுச் சாஷா ஹொஸ்டின், 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் பியொங்சாங் நகரிலே நடந்த 'ஸ்டார்கிராப்ட் 2' போட்டியை வென்றது ஆண்களோடு ஒரே களத்தில் நின்றுதான்.

அதே மாதத்திலே கிம் சே-யொனுக்கும் அழைப்பு வந்தது. 'ஓவர்வாட்ச்' ஆட்டத்துக்கென 12 அணிகளைக் கொண்ட உலகத் தொடர் ஒன்று அந்த ஆண்டு தொடங்கியிருந்தது. தொடங்கியபோது அவ்வணிகளில் ஒரு பெண்கூட இல்லை. ஷங்ஹாய் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அத்தொடரில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. தம்மைப் பெண்குலத்தின் சின்னமாக அன்றி, ஓர் ஆட்டக்காரராகவே கருதுவதை அவர் விரும்பினார். சேர்ந்த அணியோ வெற்றியின் நிழலைக்கூடக் காணாதது. அவ்வாண்டு ஆடிய 40 போட்டிகளிலும் தோற்றது. மறுவருடத்தின் முதலிரு போட்டிகளிலும் தோற்றது. 42 தோல்விகளின் பின், 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில், பொஸ்டன் அணியை அவ்வணி வென்றது. கிம் அப்போதும் அவ்வணியில் இருந்தார். கைகளைக் காட்டும்படி அன்று அவரை எவரும் கேட்கவில்லை.