1973 விம்பிள்டன்: ஸ்கோருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக்குறி

ஊரப்பாக்கத்துல இருந்து பேசறேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

நான் 2020 பேட்ச். கடைசி செமஸ்டர் பரீட்சையை வீட்டுல லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து எழுதினவன். ஒரு இன்டர்வியூல என் மார்க்ஷீட்டைப் புரட்டினவர், "ஓ, கொரோனா பேட்ச்சா?"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சார். அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கல. 1973 விம்பிள்டன் மேல எனக்கு இவ்வளவு பாசம் வந்ததும் அதனாலதான்.

யூகோஸ்லாவியாவின் நிக்கோலா பிலிச், டேவிஸ் கோப்பைல நாட்டுக்காக ஆட மறுத்தார்னு அந்த நாட்டுச் சங்கம் அவரை சஸ்பெண்ட் பண்ணுச்சு. சர்வதேச சங்கம் தடையை ஒரு மாசமா குறைச்சது. ஆனா விம்பிள்டன் அந்த ஒரு மாசத்துக்குள்ளயே வந்துடுச்சு! முந்தின வருஷம்தான் ஆரம்பிச்ச வீரர்களோட சங்கம், ஏடிபி, "அவர் இல்லைன்னா நாங்களும் இல்லை" என்று நின்றது. 81 பேர் விலகினாங்க. சீடிங் வாங்கின 16 பேர்ல 13 பேர் காலி. நடப்பு சாம்பியன் ஸ்டான் ஸ்மித், ஆர்தர் ஆஷ், ரோஸ்வால், நியூகோம்ப் யாருமே வரல. ஒரு வீரன் எப்போ, எங்கே ஆடணும்னு யார் முடிவு பண்றதுங்கறதுதான் சண்டை. அவங்க செஞ்சது சரின்னுதான் நான் சொல்வேன்.

அப்போ யார்தான் ஆடினாங்க? 17 வயசு பியோர்ன் போர்க். பெரியவங்க பிரிவுல அவருக்கு அதுதான் முதல் விம்பிள்டன், நேரா காலிறுதி. இன்னொருத்தர் நம்ம மெட்ராஸ் பையன், 19 வயசு விஜய். தளபதி இல்லப்பா, விஜய் அமிர்தராஜ். அவரும் பின்னாடி ஜேம்ஸ் பாண்ட் படத்துல நடிச்சார், அது வேற கதை.

காலிறுதில விஜய்க்கு எதிரே செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடேஷ். முதல் செட் போச்சு. அடுத்த ரெண்டும் விஜய் எடுத்தார். நாலாவது கோடேஷுக்கு. அஞ்சாவது செட் 7-5, அதுவும் கோடேஷுக்கு. அவர் அப்படியே போய் கோப்பையையும் தூக்கிட்டார்.

உடனே எல்லாரும் ஒரு நட்சத்திரக்குறி போட்டுட்டாங்க. "பெரிய ஆளுங்க இல்லாத வருஷம்தானே?"

சரி, ரெண்டு மாசம் தள்ளி யு.எஸ். ஓபனுக்கு வாங்க. அப்போ அதுவும் புல்தரைதான். விலகின ஸ்மித், நியூகோம்ப், ரோஸ்வால் எல்லாம் திரும்பி வந்தாச்சு. அங்கே விஜய், ராட் லேவரையே அஞ்சு செட்ல ஜெயிச்சு மறுபடி காலிறுதி போனார். ரோஸ்வால்கிட்டதான் தோத்தார். கோடேஷ்? அரையிறுதில அதே ஸ்டான் ஸ்மித்தை அடிச்சு ஃபைனல் போய், நியூகோம்ப்கிட்ட அஞ்சு செட் ஆடித் தோத்தார். பிரெஞ்சு ஓபனை 1970, 1971னு ரெண்டு தடவை ஜெயிச்ச ஆள் அவர். அதையும் யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல.

டிராவுல எதிரே யார் வரணும்னு ஆடறவன் தீர்மானிக்க முடியாது. வந்தவன்கிட்ட ஆடணும், அவ்வளவுதான்.

அந்த இன்டர்வியூல எனக்கு வேலை கிடைக்கல, கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். அடுத்த எபிசோட்ல 1981: ஜிம்மி கானர்ஸ்கிட்ட விஜய் முதல் ரெண்டு செட்டையும் ஜெயிச்சுட்டு தோத்த கதை. டிஷ்யூ பேப்பரோட வாங்க.