மழை அழிக்காத கோடு

மலாக்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அவரைத் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் பெரிய வாத்தியார் என்றுதான் அழைத்தோம். அவரிடம் நான் கணக்குப் படித்தேன், இலக்கணம் படித்தேன். ஆனால் அவரை நினைத்தாலே கண்முன் வருவது சனிக்கிழமைக் காலைதான். காலிப் பால் டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு, சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு, இழுத்துக் கட்டிய கயிற்றின் ஓரமாகக் குனிந்தபடியே நடப்பார். அவர் நடந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். மத்தியானம் மழை கொட்டினால் கோடு கரைந்துவிடும். ஞாயிறு காலை மறுபடியும் டின்னைத் தூக்குவார். "மறுபடியும் மழை வருமே ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன். "கோடு இல்லேன்னா இது திடல் இல்லடா, வெறும் புல்லு" என்றார்.

அந்த ஒரு சொல்லின் விரிவுரைதான் இன்றைய என் பேச்சு.

தோட்டத்துத் திடல்

மலாக்கா, இந்நாட்டு ரப்பரின் தாய்மண்களில் ஒன்று. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதைத் தொடர்ந்து மாநிலமெங்கும் பால்மரம் பரவியது. மரத்தோடு லயங்களும், லயத்தோடு கோயிலும், கோயிலோடு பள்ளியும் வந்தன. பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு திடல் இருந்தது. சிலர் அதை மலாய்ச் சொல்லாலேயே 'பாடாங்' என்பார்கள்.

விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால் வெட்டி, மங்கு என்னும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த உடம்புகள் மாலையில் அந்தத் திடலுக்கு வந்தன. பந்து வாங்கக் காசில்லாத நாளில் பிள்ளைகள் ஒட்டுப்பாலை நாடா நாடாவாகச் சுற்றிப் பந்து செய்தோம். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பந்தில் பழகிய காலுக்குக் கடைப்பந்து அடிமைபோல் கேட்டது. பள்ளி விளையாட்டுப் போட்டியும் தீபாவளிக் காற்பந்தும் அங்கேதான். திருவிழாவில் தீக்குழி வெட்டியதும் அதன் ஓரத்தில்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, துணிக்கு முன்பக்கம் இடமில்லாதவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து இடம் வலம் மாறிய படத்தையே பார்த்தோம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் திடல் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருநாள் ஓட்டப் பந்தயத்தில் ஓடினார்கள். மற்ற நாள்களில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்கள். இனி நாம் காக்கப்போகும் திடல் அவர்களையும் உள்ளே அழைக்கும் திடலாக இருக்க வேண்டும்.

அது யாருடைய நிலம்?

எங்கள் தோட்டம் கைமாறியபோது எனக்குப் பதினாறு வயது. மரங்கள் விலைபோயின, லயங்கள் காலியாயின. கோயிலுக்காகவும் பள்ளிக்காகவும் பெரியவர்கள் மனு எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள். திடலுக்காக யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அது எங்களுடையது என்று எல்லாரும் நம்பியிருந்தோம். நம்முடையதை யார் எடுப்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டோம். இன்று அங்கே இரட்டை மாடி வீடுகள் இருக்கின்றன. கோல் கம்பம் நின்ற இடத்தில் ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம். அவர்மீது எனக்குக் கோபமில்லை. முறையாக விலை கொடுத்து வாங்கினவர் அவர்.

பிழை எங்கே நடந்தது? மூன்று தலைமுறையாக நாங்கள் ஆடிய நிலம் ஒருநாளும் எங்கள் நிலமாக இருந்ததில்லை. தோட்ட நிறுவனத்தின் பட்டாவுக்குள் அது ஒரு வெற்றிடம், அவ்வளவுதான். துரை நல்லவராக இருந்தவரை புல் வெட்டப்பட்டது. நிலம் விற்றபோது திடலும் மரத்தோடு சேர்ந்து போனது.

இந்த உண்மை நம் மக்களுக்குத் தெரியாததல்ல. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றதைக் கண்டு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் தவணை கட்டிப் பங்கு சேர்த்தார்கள். உழைத்தால் மட்டும் நிலம் நமதாகாது, பத்திரத்தில் நம் பெயர் வேண்டும் என்று அன்றே அவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்தப் புத்தியை வேலைசெய்யும் நிலத்துக்குப் பயன்படுத்தினோம். விளையாடும் நிலத்துக்குப் பயன்படுத்தத் தவறினோம்.

மலாக்காவின் இரண்டு நிலங்கள்

இந்தப் பாடத்தை மலாக்கா நகரமே நமக்கு இரண்டு இடங்களில் எழுதிவைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

முதலாவது பண்டார் ஹிலிர் திடல். 1956 பிப்ரவரி 20ஆம் நாள் லண்டன் பேச்சுவார்த்தை முடித்து வந்த துங்கு அப்துல் ரஹ்மான், நாடு விடுதலை பெறும் நாளை மக்கள் கடலுக்கு முன் அறிவித்தது அங்கேதான். அக்காலத்தில் திடலை ஒட்டியே கடல் இருந்தது. பிறகு கடல் தூர்க்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2000களின் நடுவில் அந்தத் திடலில் டத்தாரான் பஹ்லாவான் பேரங்காடி எழுந்தது. இன்று அங்கே புல் இருக்கிறது, ஆனால் அது கடைகளின் கூரைமேல் இருக்கிறது. நாட்டின் வரலாற்றையே சுமந்த திடலுக்கு இது நேரும் என்றால், வரலாற்று நூலில் ஒரு வரிகூட இல்லாத, தாமான் என்று நாம் அழைக்கும் குடியிருப்புகளின் திடல்களின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். புகழ் ஒரு நிலத்தைக் காப்பாற்றாது.

இரண்டாவது புக்கிட் சீனா. ஏறத்தாழ 42 ஹெக்டர் பரப்பில் 12,000க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ள குன்று. 1685இல் சீனர்களின் தலைவரான காப்பிதான் லி வெய் கிங் அதை வாங்கிச் சமூகத்துக்கு அளித்தார் என்பது வரலாறு. செங் ஹூன் தெங் கோயிலின் அறங்காவலர்கள் அதைப் பேணிவருகிறார்கள். 1984இல் குன்றை வெட்டிச் சமப்படுத்திக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தது. நிலவரிப் பாக்கி என்று 20 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கேட்கப்பட்டது. அறங்காவலர்கள் பணியவில்லை. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. குன்று இன்றும் நிற்கிறது.

நாளை விடியற்காலை அங்கே போய்ப் பாருங்கள். கல்லறைகளுக்கு நடுவே மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பார்கள். இறந்தவர்களுக்காக விட்ட நிலம் உயிரோடிருப்பவர்களுக்கு மூச்சு தருகிறது. மக்கள் குரல் இல்லாமல் அந்தக் குன்று பிழைத்திருக்காது. அந்தக் குரல் ஊன்றி நிற்க முன்னூறு ஆண்டுப் பழமையுள்ள ஓர் அறக்கொடை கீழே இருந்தது.

நம்மிடமும் அத்தகைய முன்னோடி உண்டு. மலாக்காச் செட்டிச் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி டச்சுக்காரர்களிடம் பெற்ற நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம், தங்க ஆசாரித் தெருவில் இன்றும் விளக்கோடு நிற்கிறது. கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கத் தெரிந்த சமூகம் நாம். பிள்ளைகளின் திடலுக்கும் அதே அறம் பொருந்தும்.

ரிம்பா கியாரா சொல்வது

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்தில் ரிம்பா கியாரா பூங்கா இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது, தொழிலாளர் குடும்பங்களைத் 'தற்காலிகம்' என்று சொல்லி 1980களின் தொடக்கத்தில் வரிசை வீடுகளில் குடியமர்த்தினார்கள். அந்தத் தற்காலிகம் தலைமுறைகளைத் தாண்டியது. 2017இல் பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் கட்ட அனுமதி தரப்பட்டது. அதில் அந்தக் குடும்பங்களுக்கான வீடுகளும் அடக்கம் என்று சொல்லப்பட்டது. வட்டாரத்து மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்தது. மக்களுக்காக வெளியிட்ட நகர்த் திட்டத்தை, அனுமதி தரும் அதிகாரி காரணம் காட்டாமல் ஒதுக்கித்தள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கை நாம் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் பூங்கா, மறு கண்ணில் பல்லாண்டுகள் வீட்டுக்காகக் காத்திருந்த நம் தோட்டத்து மக்கள். வீடு வேண்டுமா, திடல் வேண்டுமா என்று ஏழையிடம் கேட்பதே அநியாயம். பெரிய வீடு உள்ளவனுக்கு முற்றம் இருக்கிறது, கிளப் இருக்கிறது. அடுக்குவீட்டில் 700 சதுர அடிக்குள் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்குத்தான் திடல் அவசியம். வீட்டையும் கேட்போம், திடலையும் கேட்போம்.

உடல்நலத்துக்கும் இதில் பங்குண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஐந்தாவது மாடி வராந்தாவில் அந்த 60 நிமிடத்தை எப்படி ஓடுவது?

சட்டம் போடும் கோடு

இனி, திடலைக் காக்கும் வழியைச் சொல்கிறேன். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு தன் நிலத்தைப் பொதுப் பயனுக்கென அரசிதழில் அறிவித்து ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கிய நிலத்தை விடுவிக்க வேண்டுமானால், 64ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புச் செய்து, ஆட்சேபம் உள்ளவர்களைக் கேட்டு விசாரித்த பிறகே முடியும். நில அலுவலகத்தில் 'கெஜட்' ஆன நிலம் என்பார்களே, அது இதுதான். கெஜட் ஆகாத திடல் சுண்ணாம்புக் கோடு போட்ட திடலுக்குச் சமம். ஒரு மழைக்குத் தாங்காது.

நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது அது. அந்த வரைவை வைக்கும் நாள்களில் நம்மில் எத்தனை பேர் நகராண்மைக் கழகத்துக்குப் போய்ப் பார்த்தோம்? புதிய வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு நிலம் பொதுவெளியாக விடப்பட வேண்டும் என்பது வழிகாட்டி விதி. அந்தப் பத்து விழுக்காடு உயரழுத்த மின்கம்பிக்குக் கீழேயும் வடிகால் குட்டையின் சரிவிலும் ஒதுங்கிக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர் பொதுவெளி என்பது நாட்டின் இலக்கு. 105 மீட்டருக்கு 68 மீட்டர் அளவுள்ள காற்பந்துத் திடல் முக்கால் ஹெக்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ மூன்று திடல் அளவு. உங்கள் தாமானில் எத்தனை ஆயிரம் பேர், எத்தனை திடல் என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள்.

பிற நாட்டார் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் 1925இல் விளையாட்டுத் திடல்களைக் காக்கவென்றே ஒரு தேசியச் சங்கம் எழுந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது சிலையோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர் பெயரில் திடல்கள் அமைத்தார்கள். 471 திடல்கள், விளையாட்டுக்கு மட்டுமே என்று எழுதிவைக்கப்பட்ட நிலங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் பெங்களூர் வழக்கொன்றில், பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தர முடியாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான். ஆனாலும் அந்த நல்ல காரியத்துக்குப் பிள்ளைகளின் இடத்தை எடுக்கக் கூடாது என்றது சட்டம்.

நாம் செய்யக்கூடியது

அன்புடையீர், உங்களிடம் நான் கேட்பவை நான்கு. கோயில் நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, இளைஞர் மன்றமோ, ஆளுக்கொரு திடலைப் பொறுப்பெடுங்கள். நில அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி, அந்த நிலம் யார் பெயரில், என்ன பயனுக்கு என்று பதிவைத் தேடி வாங்குங்கள். கெஜட் ஆகியிருந்தால் எண்ணையும் தேதியையும் குறித்துச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். ஆகவில்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரிடமும் நகராண்மைக் கழகத்திடமும் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். அண்டை வீட்டு மலாய்க்காரரையும் சீனரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். புக்கிட் சீனாவில் எல்லாரும் நடப்பதுபோல் நம் திடலிலும் எல்லாரும் ஆட வேண்டும். தோட்டம் இன்னும் இருக்கும் இடங்களில், அது கைமாறும் பேச்சு எழுந்த அன்றே கோயில், பள்ளி என்று எழுதும் மனுவில் திடல் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் பெரியவர்கள் விட்டுப்போன சொல் அது ஒன்றுதான்.

அதோடு அந்தத் திடலில் ஆடுங்கள். ஆளில்லாத திடலைத்தான் 'பயன்படாத நிலம்' என்று அறிக்கையில் எழுதுவார்கள். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் சத்தம் கேட்கும் திடலை அப்படி எழுதக் கை கூசும்.

பெரிய வாத்தியார் ஆண்டாண்டு காலமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார். மழை அழித்தது, அவர் மறுபடி போட்டார். கடைசியில் மழையல்ல, ஒரு பத்திரம் வந்து அந்தத் திடலையே அழித்தது. அவர் குனிந்து நடந்த அந்தக் கோட்டை இம்முறை நில அளவை வரைபடத்தில் நாம் போடுவோம். அதைப் போட்ட பிறகு, சனிக்கிழமை காலையில் பால் டின்னை எடுத்துக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன்.